ஒரு பண்ணைக்கு ஒரு கை

ஸ்லெட்டா ஆற்றின் கரையில் பதின்மூன்று பண்ணைகள் இருக்கின்றன. ஆற்று மீன் அந்தப் பதின்மூன்றுக்கும் பொதுச் சொத்து. ஆகவே ஆற்றுக்காரர் சங்கத்தில் ஓட்டும் பதின்மூன்றுதான். ஒரு பண்ணைக்குள் எத்தனை பேர் இருந்தாலும் சரி, அண்ணன் தம்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு அடுப்பு வைத்திருந்தாலும் சரி, ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பண்ணைக்கு ஒரு கை. எந்தக் காலத்தில் யார் போட்ட விதியோ, அதனால் இதுவரை யாருக்கும் தலைவலி வந்ததில்லை.

ஹாவ்கன் பண்ணையின் கை யூஸ்தைனுடையது. பண்ணை என்னவோ அவன் மனைவி ஹெர்டிஸின் பேரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு மூத்தவள் என்பதால் அவளுக்கு வந்தது. யூஸ்தைன் வெளித்தீவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவன். கல்யாணமானதும் ஒரு பையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸுமாக இங்கே வந்து இறங்கினான். முதல் வருடக் கூட்டத்தின்போது ஹெர்டிஸ் நிறைமாதம், அதனால் அவன் போனான். அடுத்த வருடம் கைக்குழந்தை, அப்போதும் அவன் போனான். மூன்றாம் வருடம் எந்தக் காரணமும் இல்லை, அவனே கிளம்பிப் போனான். முப்பது வருடத்தில் அது அவன் கை என்றே ஆகிவிட்டது. ஹெர்டிஸும் கூட்டத்துக்கு வருவாள், ஆனால் பின்னால் வாஃபிள் சுடுகிற மேஜைக்கு.

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் இந்த ஊரில் மரியாதை வாங்குவது லேசான காரியம் இல்லை. வந்த புதிதில் கடைக்காரர்கூட அவனை "ஹாவ்கன் வீட்டுக்காரம்மா புருஷன்" என்றுதான் சொன்னார். பிறகு சங்கம் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஆரம்பித்தது. பழைய பால் கொட்டகையில் தொட்டி கட்டினார்கள், பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. மற்றவர்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருக்க, யூஸ்தைன் நான் பார்க்கிறேன் என்றான். அன்றையிலிருந்து அவன் பொரிப்பக யூஸ்தைன்.

அக்டோபரில் முட்டையிட ஆற்றில் ஏறி வரும் பெரிய சால்மன்களை வலை போட்டுப் பிடித்துத் தொட்டியில் வைப்பான். முட்டை முதிர்ந்து வயிறு இளகியதும் ஒவ்வொன்றாகத் தூக்கி, மெல்ல நீவி, முட்டையைப் பேசினில் வாங்குவான். ஆண் மீனின் விந்தை அதன்மேல் விட்டுக் கையாலேயே கலப்பான். பிறகு குளிர்காலம் முழுக்க ஓடும் தண்ணீரில் தட்டுத் தட்டாக முட்டைகள். வெள்ளை வெளேரென்று செத்துப்போன முட்டைகளைத் தினமும் பொறுக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் போய்விடும். கோடை தொடங்கும்போது குஞ்சுகளை வாளியில் கொண்டுபோய் ஆற்றில் விடுவான். பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும். படத்தில் யூஸ்தைன் சிரிக்க மாட்டான். ஆனால் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வான்.

இத்தனைக்கும் பிறகு ஆற்றில் மீன் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டேதான் போகிறது. கடலுக்குப் போவது போகிறது, திரும்பி வருவது வருவதில்லை. சங்கம் போன வருடம் நகரத்திலிருந்து தூவா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண்ணை வரவழைத்தது. அவள் கோடை முழுக்க ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆற்றிலும் ஓடைகளிலும் இறங்கி நடந்தாள். பிடிபட்ட மீன்களின் துடுப்பில் நுனி வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். திரும்பி வந்த மீன்களில் பொரிப்பகத்தில் பிறந்தவை ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கின.

பொரிப்பகத்துத் தொட்டிகளும் பம்பும் பழசாகிவிட்டன, மாற்றாவிட்டால் அரசாங்கம் அனுமதியைப் புதுப்பிக்காது. தூவா சொன்னது வேறு. ஹாவ்கன் பண்ணைக்குப் பின்னால் ஓடும் ஆலை ஓடைதான் ஒரு காலத்தில் மீன்கள் முட்டையிட்ட நல்ல சரளைக்கல் படுகை. நெடுஞ்சாலை போட்டபோது ஓடையை ஒரு இரும்புக் குழாய்க்குள் விட்டார்கள். குழாயின் வாய் இடுப்பளவு உயரத்தில் தொங்குகிறது, மீன் ஏற முடியாது. அதை எடுத்துவிட்டு அகலமான பாலம் கட்டினால் ஆறு தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றாள். சங்கத்தின் கையில் இருந்த பணத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும். பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர்க்கூடத்தில், எது என்று முடிவெடுக்கக் கூடினார்கள்.

தலைவர் ஒட்வார் மாட்டுப்பண்ணைக்காரர், பொறுமைசாலி. யாராவது கோபப்பட்டால் உடனே காப்பி இடைவேளை விட்டுவிடுவார். முதலில் யூஸ்தைன் எழுந்தான். அவனுக்கு மேடைப்பேச்சு வராது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"நான் படிச்சவன் இல்ல. பாத்தத சொல்றேன். ஆத்துல மீன் போடுற முட்டைய வெள்ளம் அடிச்சிட்டுப் போகுது, பனி உறைஞ்சு சாகுது, மத்த மீன் தின்னுது. நூறு முட்டையில ஏதோ கொஞ்சம் பொழைக்கும். என் தட்டுல தொண்ணூறு பொழைக்குது. தொண்ணூற விட்டுட்டு அந்தக் கொஞ்சத்த நம்புங்கன்னா, எனக்கு மனசு ஒப்பல."

"தட்டுல பொழைக்கிறது நெஜந்தான்," என்றாள் தூவா. "நான் பாத்ததுலயே சுத்தமான பொரிப்பகம் உங்களோடது. சும்மா முகஸ்துதிக்குச் சொல்லல. ஆனா அந்தக் குஞ்சு கடலுக்குப் போய்த் திரும்பி வரணுமே. தட்டுல வளந்ததுக்கு எது எதிரி, எங்க ஒளியிறதுன்னு எதுவும் தெரியல. முட்டைக்காக நல்ல பெரிய பெட்டை மீன வேற ஆத்துலேர்ந்து எடுத்துடுறோம். அது தானா போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாருக்கும் தெரியாது."

ஹெர்டிஸ் வாஃபிள் சுடும் இரும்பு அச்சைத் திறந்து மூடினாள். அது தானாக முட்டை போட்டிருந்தால் என்ற அந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கமானது.

மூன்று வருடத்துக்கு முந்தைய அக்டோபர் அது. புயலில் மின்சாரம் போய், பொரிப்பகத்தின் பம்பு நின்றுவிட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது அந்த வருடத்திலேயே பெரிய பெண் சால்மன் தொட்டியில் வயிறு மேலாக மிதந்தது. வயிறு நிறைய முட்டை. யூஸ்தைன் தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதான். ஹெர்டிஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. மீனை நினைத்தாலும் பாவமாக இருந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்த ஒன்றை நாமே கொண்டுவந்து இங்கே போட்டுக் கொன்றோமே என்று தோன்றியதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அதே வாரம், ஆட்டுக்கொட்டகை ஜன்னல் வழியாக, ஆலை ஓடையில் மீன்கள் குழாயின் வாயை நோக்கித் துள்ளுவதைப் பார்த்தாள். வருடா வருடம் பார்ப்பதுதான். துள்ளும், இரும்பில் மோதும், விழும், மறுபடி துள்ளும். அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. நீளக்கம்பு வலையை எடுத்துக்கொண்டு போய், ஒரு மீனை அள்ளி, நனைத்த தீவனச் சாக்கில் சுற்றி, லாரி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, நெடுஞ்சாலையைத் தாண்டி மேல்பக்கம் கொண்டுபோய் விட்டாள். அறுபதை நெருங்கும் பெண்பிள்ளை செய்கிற வேலையா அது? அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நாளும் செய்தாள். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் செய்தாள். அந்த நாட்களில் யூஸ்தைன் விடிந்ததும் வலையோடு மேலாற்றுக்குப் போய்விடுவான், அதனால் அவனுக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது.

"இந்தப் படத்துல எனக்கு ஒரு சந்தேகம்," என்று தூவா சுவரில் மாட்டியிருந்த ஆற்று வரைபடத்தைக் காட்டி ஆரம்பித்தான் கோல்பைன். ஆற்றின் நல்ல மடு அவன் பண்ணையில்தான் இருக்கிறது. வெளியூர்ப் பணக்காரர்கள் தூண்டிலோடு வந்து அவன் குடிசைகளில் தங்குவார்கள். பொரிப்பகத்தைச் சுற்றிக் காட்டினால் அவர்களுக்கு ஒரே சந்தோஷம், அதனால் அவன் பொரிப்பகத்தின் பக்கம். "தூவா, ஆலை ஓடையில குழாய்க்கு மேல்பக்கம் இந்தப் பச்சைப் புள்ளி எல்லாம் என்ன?"

"சால்மன் குஞ்சு. போன கோடையில நான் பிடிச்சது. நெறையவே இருந்துச்சு."

"நீ சொல்ற அந்த ஏறவே முடியாத குழாய்க்கு மேல?"

"ஆமா," என்றாள் தூவா. முகம் சிவந்துவிட்டது. "அதான் எனக்கும் புரியல. யூஸ்தைன் அங்க குஞ்சு விட்டதில்லன்னு சொன்னார்."

"விட்டதே இல்ல," என்றான் யூஸ்தைன்.

"அப்ப மீன் ஏறுது." கோல்பைன் சபையைப் பார்த்துக் கைகளை விரித்தான். "ஏறி, முட்ட போட்டு, குஞ்சும் பொரிச்சாச்சு. அப்புறம் எதுக்குப் பாலம்? மீனு நடந்து போறதுக்கா?"

கூடம் சிரித்தது. தூவாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. யூஸ்தைன் சிரிக்கவில்லை. மீன் விஷயத்தில் அவனுக்கு விளையாட்டு பிடிக்காது. அவன் யோசித்துக்கொண்டே திரும்பி, கூடத்தின் கடைசிக்குக் குரல் கொடுத்தான்.

"ஹெர்டிஸ், தெனம் அந்த ஓடையப் பாக்குறவ நீதான். வெள்ளம் வர்றப்ப ஏதாச்சும் குழாய்க்குள்ள ஏறிப் பாத்திருக்கியா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. தான் செய்த உபகாரமே தூவாவின் காலை வாரிவிட்டதும், உண்மையைச் சொன்னால் அது யூஸ்தைன் தலையில்தான் விடியும் என்பதும் ஹெர்டிஸுக்கு ஒரே நேரத்தில் புரிந்தது.

"நான் ஆட்டப் பாப்பனா, மீனப் பாப்பனா," என்றாள்.

மறுபடி சிரிப்பு. யூஸ்தைனும் லேசாகச் சிரித்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். அவனுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரின் முதுகையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் பின்னியது. கழுத்தோரம் நூல் விட்டிருந்தது, காலையில் கவனிக்கவில்லை.

ஒட்வார் காப்பி இடைவேளை விட்டார். வாஃபிளும் பழுப்புச் சீஸும் காலியாயின. தூவா ஒரு கோப்பையோடு ஓரமாக நின்றாள், அவளிடம் யாரும் பேசவில்லை. இன்னொரு பண்ணைக்காரியான குன்வோர் கிழவி மட்டும் பின்னல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "சாப்புடு பொண்ணே, தோத்தாலும் பசிக்கும்," என்று ஒரு வாஃபிளை அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பிறகு ஓட்டு.

"பொரிப்பகத்துக்குப் புதுத் தொட்டி போடணும்ங்கிறவங்க," என்றார் ஒட்வார். கைகள் எழுந்தன. யூஸ்தைனின் கை முதலில். ஒட்வார் பேனாவை நீட்டி நீட்டி எண்ணினார். "ஏழு."

பதின்மூன்றில் ஏழு. முடிந்துவிட்டது. கோல்பைன் யூஸ்தைனின் முதுகில் தட்டினான். "மாப்ள, தொட்டிக்கு என்ன கலர்னு சொல்லு."

"இருங்கப்பா, முறைன்னு ஒண்ணு இருக்கு. ஓடைக்குப் பாலம் வேணும்ங்கிறவங்க." ஒட்வார் மறுபடி எண்ணினார். எண்ணிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்து இன்னொரு தடவை எண்ணினார். "இதுவும் ஏழா வருதே."

"அப்ப பதினாலு," என்றாள் குன்வோர். கையைத் தூக்கிக்கொண்டே பின்னல் ஊசியால் காதைச் சொறிந்தாள். "பனியில புதுசா ஒரு பண்ண மொளச்சிருச்சு."

"யாரோ ரெண்டு கையும் தூக்குறீங்க," என்றார் ஒட்வார். "கோல்பைன், உன் கைய மடியில வை."

"நான் எதுக்குய்யா அந்தப் பக்கம் தூக்கப் போறேன்?"

"நீ ரெண்டு பக்கமும் தூக்குற ஆளுதான்," என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. ஒட்வார் எழுந்து நின்றார். ஒவ்வொரு கைக்கும் பண்ணையின் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். வரிசை வரிசையாகப் போய், கூடத்தின் கடைசிக்கு வந்தார். வாஃபிள் மேஜைக்குப் பின்னால் ஒரு கை, மணிக்கட்டு வரை மாவு.

ஹெர்டிஸ் திட்டம் போட்டுத் தூக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தூவாவை. ஏழு என்றதும் அந்தப் பெண் தன் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள், யாரையும் குற்றம் சொல்லாமல், பொறுமையாக. அது ஒரு உண்மையைச் சுருட்டிக் கட்டுகிற மாதிரி இருந்தது ஹெர்டிஸுக்கு. அந்த உண்மையைப் பொய்யாக்கியவள் ஹெர்டிஸ்தான். கை அதுவாகப் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியது. முன் வரிசையில் யூஸ்தைன் கடைசியாகத்தான் திரும்பினான். ஒட்வாருக்கு உடனே விஷயம் புரிந்தது. நல்ல மனுஷர். குரலை இறக்கி, அவள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"ஹெர்டிஸ், காப்பி யாருக்காச்சும் வேணுமான்னு கேக்கத்தானே கைய தூக்குன?"

ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லோரும் ஒரு தடவை சிரிப்பார்கள், யூஸ்தைனுக்குத் தொட்டி கிடைக்கும், சாயங்காலம் வீட்டில் அவன் விசிலடித்துக்கொண்டே விறகு எடுத்து வருவான். அவனுடைய விசில் ஹெர்டிஸுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் கை இறங்கவில்லை.

"காப்பிக்கு இல்ல," என்றாள்.

"வீட்டோட மாப்பிள்ளைக்கு இதான் கதி," என்றான் கோல்பைன். யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலோடு, "ஏம்மா, அந்தக் குழாய்லதான் மீன் தானா ஏறுதே," என்றான்.

"தானா ஏறல. நான் தூக்கிட்டுப் போனேன்."

"எத?"

"மீனத்தான். குழாய்க்குக் கீழ வலையில அள்ளி, சாக்குல சுத்தி, ரோட்டுக்கு மேல்பக்கம் கொண்டுபோய் விட்டேன். மூணு வருஷமா. தூவா பாத்தது அதோட குஞ்சுங்க." அவள் தூவாவைப் பார்த்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கணும். உன்ன எல்லாரும் சிரிச்சப்பவாவது சொல்லியிருக்கணும்."

"அக்டோபர்ல அனுமதி இல்லாம மீனத் தொடுறது குத்தம், தெரியுமா?" என்றான் கோல்பைன்.

"அப்ப போலீஸ்ல பிடிச்சுக் குடு," என்றாள் குன்வோர். "ஊர்லயே மீனத் திருடி ஆத்துலயே போட்ட மொத ஆளு."

ஒட்வார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதின்மூன்று பண்ணை, பதினான்கு கை. ஹாவ்கனின் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஏழு, மற்றப் பக்கம் ஆறு. இப்படி ஒன்று நடக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

"ஹாவ்கனுக்கு ஒரு கைதான்," என்றார். "நீங்க ரெண்டு பேரும் வேணும்னா வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

யூஸ்தைன் எழுந்தான். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் ஹெர்டிஸ் எதிர்பார்த்த கோபம் இல்லை. புயல் கழிந்த காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்த அதே முகம்.

"பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றான். "பண்ண அவளோடது. கையும் அவளோடதுதான். இத்தன வருஷம் அவ எனக்குக் குடுத்து வெச்சிருந்தா. அவ சொன்னத எழுதிக்குங்க."

அப்படித்தான் முடிவானது. தட்டில் இருக்கும் முட்டைகளை இந்த வருடம் பொரிக்க விட்டுக் குஞ்சுகளை ஆற்றில் விடுவது, அத்தோடு பொரிப்பகத்தை மூடுவது, கோடையில் பாலம் கட்டுவது. யாரும் கைதட்டவில்லை. ஜெயித்தவர்களும் தரையைப் பார்த்தார்கள். போகும்போது ஒவ்வொருவராக யூஸ்தைனிடம் வந்து கை குலுக்கினார்கள். அது துக்க வீட்டில் செய்வது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். கோல்பைன் கொஞ்ச நேரம் பக்கத்தில் சும்மா நின்றான். "நாளைக்கு வீட்டுப் பக்கம் வா மாப்ள," என்றான் கடைசியில். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

ஹெர்டிஸ்தான் வண்டி ஓட்டினாள். வெளிச்சம் நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் அவன் திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள், மனசு லேசாகியிருக்கும். வீட்டுக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலை ஆலை ஓடையைக் கடக்கிற இடத்தில், "நிறுத்து," என்றான்.

இறங்கிச் சாலையோரத்துக்குப் போனான். அவளும் பின்னால் போனாள். கீழே குழாயின் வாயில் பனிக்கட்டி தொங்கியது, அதன் நடுவே கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் குழாயைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், சாலையின் அகலத்தைப் பார்த்தான்.

"இந்த வழியாவா ஏறுன?"

"அந்தப் பக்கம். வேலி ஓரமா."

"எவ்ளோ பெருசு இருக்கும்?"

"சிலது சின்னது. ஒண்ணு ஏழு கிலோ இருக்கும். துள்ளிச்சுன்னா என்னால தாங்க முடியல. நடு ரோட்டுல ஒரு தடவ உக்காந்துட்டேன்."

"நடு ரோட்டுலயா?"

"ரொட்டிக் கடை வண்டி வந்துச்சு. என்னமோ ஆட்டுக்குட்டிய தூக்கிட்டுப் போறேன்னு நெனச்சுட்டுக் கைய ஆட்டிட்டுப் போனான்."

யூஸ்தைனின் வாயோரம் ஒரு கணம் சிரிப்பில் இழுத்தது. பிறகு மறுபடி மீன்காரன் ஆனான்.

"விடும்போது தலைய எந்தப் பக்கம் வெச்ச?"

"தண்ணி வர்ற பக்கம். மூச்சு சீராகுற வரைக்கும் வால விடாம பிடிச்சிருந்தேன். நீ செய்வியே, அப்படித்தான்."

அவன் தலையசைத்தான். சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்ற தலையசைப்பு. அதைப் பார்த்ததும் ஹெர்டிஸுக்கு அழுகை வந்துவிட்டது. கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னக் கூப்பிட்டிருக்கலாமே," என்றான் யூஸ்தைன். "ஓட்டு விஷயத்த விடு. அது உன் ஓட்டு. ஒத்தையா நின்னு இத்தன வருஷம் தூக்கியிருக்கியே ஹெர்டிஸ். நான் மேலாத்துலதான இருந்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே. சாக்கோட ஒரு முனையையாவது நான் பிடிச்சிருப்பேன்."

அவள் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். இன்றைக்கு ஒரு பொய் சொன்னது போதும்.

"கூப்பிட்டிருந்தா, நீ அத உன் தொட்டிக்குத்தான் கொண்டு போயிருப்ப."

தண்ணீர் பனிக்கட்டிக்குள் சத்தமிட்டது. ஒரு லாரி வந்தது, இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கினார்கள், அது பனியை இறைத்துக்கொண்டு போனது. அவன் நிஜமாகவே யோசித்துப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஏழு கிலோ மீனைக் கையில் வாங்கி, அதன் வயிற்றைத் தடவி, எங்கே போவது என்று யோசித்துப் பார்க்கிறான்.

"ஆமா," என்றான். "கொண்டு போயிருப்பேன்."

அவன் சாலையைத் தாண்டி வண்டிப் பக்கம் நடந்தான், அவளும் பின்னால் நடந்தாள். கதவில் கை வைத்தவன், திறக்காமல் நின்றான்.

"சரி, மீனு மேல போயிடும். நல்லதுதான். அந்தப் பொண்ணு சொல்றது சரியாத்தான் இருக்கும், ரொம்ப நாளாவே எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு." கதவின் மேல் இருந்த பனியை விரலால் தள்ளினான். "ஆனா அக்டோபர்ல காலையில எந்திரிச்சு நான் எங்க போறது? அத யாராச்சும் யோசிச்சீங்களா?"

மீன் எந்த வழியாக ஏறும், எங்கே முட்டையிடும், எந்தக் கல்லுக்கு அடியில் குஞ்சு ஒளியும் என்றெல்லாம் மூன்று வருடம் யோசித்தவள் ஹெர்டிஸ். இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. சாலையின் நடுவில் நின்றபடி, "இல்ல, யூஸ்தைன்," என்றாள்.